தூக்கிச் செல்லும் தையல் இயந்திரம்: எடையின் வழியே ஒரு வரலாறு

சென்ற டிசம்பர் விடுமுறையில் அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, கையில தூக்கிட்டுப் போற மாதிரி தையல் மெஷின் வேணும். எது வாங்கலாம், பார்த்துச் சொல்லேன்."

பாசிர் ரிஸில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒட்டுத்துணிப் போர்வை வகுப்பு ஒன்று தொடங்கியிருந்தது. ஆங்கிலத்தில் குவில்ட் என்கிறோமே, அதுதான். சேர விரும்புவோர் சொந்த இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. அம்மாவிடம் சொந்த இயந்திரம் இருக்கிறது. பாட்டி தவணையில் வாங்கிய கறுப்பு சிங்கர் மெஷின். இரும்புக் கால், அகலமான மிதி, பொன்னிறப் பூவேலை எல்லாம் உண்டு. அதன் தலைப்பகுதியை மட்டும் கழற்றிக் குளியலறை எடைபார்க்கும் கருவியில் வைத்தேன். 13 கிலோவைத் தாண்டியது. இரும்புக் காலை எடைபோட என்னால் முடியவில்லை, நகர்த்தவே இருவர் வேண்டும். முப்பது ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த அம்மா, தூக்க முடியாத இயந்திரத்தால் ஒரு வகுப்புக்குப் போக முடியாத நிலை.

நான் தமிழாசிரியர், தையல் எனக்குப் பொத்தான் தைக்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் உயர்நிலை மூன்று மாணவர்களுக்குக் கருத்தறிதல் பனுவல் ஒன்று தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அம்மாவுக்காகப் படிக்கத் தொடங்கி எனக்காகப் படித்து முடித்தேன். நம் பாடநூல்களில் தையல் இயந்திரத்தின் வரலாறு வேகத்தின் வரலாறாகவே வரும்: கையால் இத்தனை தையல், இயந்திரத்தால் இத்தனை தையல் என்று. அம்மாவின் கேள்வியோடு படித்தபோது அது எடையின் வரலாறாகத் தெரிந்தது. இயந்திரத்தின் எடைதான், யார் எங்கே உட்கார்ந்து தைக்கலாம், யாரோடு சேர்ந்து கற்கலாம் என்பதைப் பல காலம் முடிவு செய்திருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். நமக்கு அதுதானே தொழில்!

குவில்ட் என்பதற்கு நம்மிடம் ஒரே சொல் இல்லை. வெப்பநாட்டுக்காரர்களுக்குத் தடித்த போர்வை எதற்கு? ஆனாலும் துண்டுத்துணிகளை இணைத்துத் தைப்பதும், பழைய துணிகளை அடுக்கி ஒன்றாகத் தைப்பதும் நமக்குப் புதிதல்ல. பழம்புடவையை நான்காக மடித்து ஓரம் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாகப் போடாத தமிழ்வீடு குறைவு. வங்காளத்தில் இதே வேலை காந்தா என்னும் கலையாக வளர்ந்தது, மராத்தியில் கோதடி, கன்னடத்தில் கௌதி. அந்தக் காந்தாவும் நம் கந்தையும் ஒரே வேரில் வந்த சொற்கள், இரண்டுக்கும் மூலம் வடமொழியின் கந்தா. அங்கே அது கலைப்பொருளின் பெயராயிற்று, இங்கே ஏழ்மையின் பெயராக நின்றுவிட்டது.

பழந்தமிழில் தைப்பதற்குத் துன்னுதல் என்று பெயர். புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர்களைப் பட்டியலிடும் சிலப்பதிகாரம் துன்னகாரரையும் சேர்த்துச் சொல்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காண வரும் பொருநனின் உடை, வேறு வேறு நூல்களால் ஒட்டுப்போட்டுத் தைத்த கந்தல், வேர்வையில் நனைந்தது. அரசன் அதை நீக்கிவிட்டு மெல்லிய புத்தாடை தருகிறான். உயர்தமிழ் இலக்கியம் படிப்போர் அந்த இடத்தை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். புலவர் புத்தாடையின் நயத்தைப் பாடுவதற்கு முன் பழைய ஒட்டுத்துணியை எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்! தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருளுண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் சொன்னால் மாணவிகள் முறைப்பார்கள், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

இனி இயந்திரம்.

1830-இல் பார்தெலமி திமோனியே என்னும் பிரெஞ்சுத் தையற்காரர் மரத்தால் செய்த தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸில் 80 இயந்திரங்களை வைத்து இராணுவச் சீருடை தைக்கத் தொடங்கினார். மறு ஆண்டே அந்நகரத் தையற்காரர்கள் திரண்டு வந்து அவற்றை உடைத்துப் போட்டார்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம். 1846-இல் அமெரிக்கர் எலியாஸ் ஹோ, ஊசியின் முனையருகே காது வைத்து, அடியில் இன்னொரு நூலை ஓடவிட்டு, இரண்டு நூல்களும் துணிக்குள் கோத்துக்கொள்ளும் பூட்டுத்தையலுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய வீட்டு இயந்திரங்கள் எல்லாமே பெரும்பாலும் அந்த முறையில்தான் தைக்கின்றன. 1851-இல் ஐசக் சிங்கர் வந்தார். பாஸ்டனில் ஒரு பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்த இயந்திரத்தைப் பார்த்து, அதன் குறைகளைச் சரிசெய்து, தன் பெயரில் விற்றார்.

சிங்கரின் முதல் இயந்திரம் ஒரு மரப்பெட்டியில் வைத்து அனுப்பப்பட்டது. வாங்கியவர் பெட்டியைத் தூக்கி எறியக்கூடாது. அதுவேதான் மேசை, அதிலேயே மிதியும் பொருத்தப்படும். அதாவது, தையல் இயந்திரம் பெட்டியோடு பயணம் செய்து வந்து, வந்த இடத்தில் மேசையாகி நின்றுவிட்டது. பெட்டியின் இடத்தைப் பிறகு இரும்புக் கால் பிடித்துக்கொண்டது. தொழிற்சாலைக்கு அது பொருத்தம்: கனமான இயந்திரம் அதிராது, தையல் நேராக வரும். வீட்டிலோ அது ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் அந்த மூலைதான் தைப்பவரின் இடமும். பெண்கள் அங்கேதான் போய் உட்கார வேண்டியிருந்தது.

விலையும் சாதாரணமில்லை, தொடக்கத்தில் நூறு டாலருக்கு மேல். அதைச் சமாளிக்க 1856-இல் சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். அந்த முறை உலகெங்கும் பரவியது. இலங்கையில் சிங்கர் 1877-இலேயே காலூன்றிவிட்டது. அங்கும் தமிழகத்திலும் மலாயாவிலும் பலருக்குச் சிங்கர் என்பது ஒரு நிறுவனத்தின் பெயராகவே தெரியாது, தையல் மெஷினின் இன்னொரு பெயர் அவ்வளவுதான். எங்கள் பாட்டியும் "சிங்கர வாங்கினேன்" என்றுதான் சொல்வார்.

எங்கள் இயந்திரத்தின் எண், 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரட்டையெழுத்து வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு உரியது. 1880களில் தொடங்கி 1980 வரை இயங்கிய ஆலை அது. 1911-இல் வேலைப்பளுவைக் கூட்டியதை எதிர்த்து, மெருகேற்றும் பிரிவுப் பெண்கள் சிலர் வெளியேற, ஏறத்தாழ 11,000 பேர் கலந்துகொண்ட வேலைநிறுத்தமாக அது வெடித்தது. ஆலை மூடிய பிறகும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் சிங்கர்தான். வீட்டில் பழைய இயந்திரம் வைத்திருக்கும் மாணவர்கள் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வரலாம். வரலாற்றுச் சான்று என்றால் செப்பேடும் கல்வெட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல பயிற்சி.

தையல் இயந்திரத்துக்கு நம் பக்கத்தில் கிடைத்த பெரிய நற்சான்றிதழ் காந்தியடிகளிடமிருந்து வந்தது. 1924-இல் தில்லியில் இளைஞர் ஜி. ராமச்சந்திரன் அவரிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப் போவதைக் கண்ட சிங்கர், அன்பினால் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் கூறிய விளக்கம். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

கட்டுரையில் இந்தச் செய்தியை எடுத்தாளும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்தி அப்படிச் சொன்னார் என்பது உண்மை. சிங்கர் அப்படிப்பட்டவர் என்பது உண்மையல்ல. பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர் அவர், இயந்திரத்தை அவர் தொட்டது காசுக்காக. மேற்கோள் உண்மையாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் தகவல் தவறாக இருக்கலாம். தேர்வில் இதைப் பிரித்து எழுதத் தெரிந்தவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் காந்தி தொட்ட இடம் சரியான இடம். ஒருவர் தன் கையில் வைத்துக்கொண்டு பிழைக்கக்கூடிய இயந்திரம் இது. தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் நடத்துவதும் அதனால்தான். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு அரசு பணமாக மட்டும் கொடுக்காமல் ஓர் இயந்திரத்தைக் கொடுக்கிறது.

எடை எப்போது குறைந்தது? முதலில் மிதி போய்க் கைப்பிடி வந்தது. வலக்கையால் சக்கரத்தைச் சுற்றி இடக்கையால் துணியை நகர்த்தும் கைமெஷின் ஆசியாவில் நன்றாக விற்றது. மின்சாரம் வேண்டாம், நாற்காலி வேண்டாம், பாயில் உட்கார்ந்தே தைக்கலாம். வளைந்த மரமூடியில் ஒரு பிடியும் இருக்கும். பெயருக்குத்தான் தூக்கிச் செல்வது. உள்ளே இருப்பது அதே வார்ப்பிரும்பு.

மாற்றம் 1933-இல் வந்தது. சிகாகோ உலகக் கண்காட்சி நடந்த அந்த ஆண்டில் சிங்கர் 221 என்ற மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஃபெதர்வெய்ட், அதாவது இறகெடை, என்பது அதன் பட்டப்பெயர். வார்ப்பிரும்புக்குப் பதில் அலுமினியம், காலுக்குப் பதில் மின்மோட்டார், தைக்கும் பலகையின் ஒரு பகுதியை மேலே மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். எடை ஏறத்தாழ 5 கிலோ. நேர்த்தையல் ஒன்று மட்டும்தான் போடும், வளைவு நெளிவு எதுவும் கிடையாது. 1960களின் இறுதிவரை செய்தார்கள். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் இன்றும் இதைத் தேடி வாங்குகிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. துண்டுகளை இணைப்பதற்கு நேர்த்தையலைத் தவிர வேறென்ன வேண்டும் என்று அம்மாதான் விளக்கினார்.

1940-இல் ஜெனிவாவிலிருந்து எல்னா வந்தது. பச்சை நிறம், அதன் உலோகப் பெட்டியை விரித்தால் அதுவே சிறு மேசை. சிங்கரின் பழைய மரப்பெட்டி தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்ததுபோல. போருக்குப் பின் ஜப்பானியர்கள் களத்தில் இறங்கினார்கள். முதலில் சிங்கரின் பழைய மாடல்களைப் பார்த்து அப்படியே செய்தார்கள், பிறகு தங்கள் வழியில் போனார்கள். ஜானோமி என்றால் பாம்பின் கண் என்று பொருள், வட்டமான பாபினைப் பார்த்து வைத்த பெயர். பிரதர் நிறுவனம் நகோயாவில் ஒரு பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியது. இப்போது உள்ளே உலோகச் சட்டமும் வெளியே நெகிழி உறையும் கொண்ட, 5 முதல் 7 கிலோ வரையிலான இயந்திரங்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகும் நான் தவறான இயந்திரத்தைத்தான் வாங்கினேன். எடை குறைவாக இருந்தால் போதும் என்று நினைத்து, 2 கிலோகூட இல்லாத ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டேன். முதல் வகுப்பில் அது மேசைமீது நடக்கத் தொடங்கியது. அம்மா இடக்கையால் துணியையும் முழங்கையால் மெஷினையும் பிடித்துக்கொண்டு தைத்தார். மேலே வண்ணத்துணி, நடுவே பஞ்சுத்தாள், கீழே அடித்துணி என்று மூன்று அடுக்கு வந்தபோது ஊசி உள்ளே போனது, நூல் கோத்துக்கொள்ளவில்லை. மூன்று தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போனது. "இது பொம்மைக்குச் சட்டை தைக்கத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு அம்மா கையூசியை எடுத்துக்கொண்டார். முப்பது ஆண்டு தைத்தவர், புதிதாகக் கற்பவர்கள் நடுவில் பின்தங்கி உட்கார்ந்திருந்தார். அன்று வீடு திரும்பும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

அடுத்து வகுப்புத் தோழி ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஃபெதர்வெய்ட்டை இரவல் தந்தார். தையல் முத்துக்கோத்ததுபோல வந்தது. ஆனால் அது 110 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது, நம்முடையது 230. நேராகச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். அதற்கென்று ஒரு மின்மாற்றி வேண்டும், அந்த மின்மாற்றி இரும்புத் துண்டுபோலக் கனத்தது. இறகெடை இயந்திரத்துக்கு இரும்பெடைத் துணை! ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தவையும் 100 வோல்ட்தான். வெளிநாட்டிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோர் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மூன்றாவது முறை அம்மாவே கடைக்கு வந்தார். முதலில் தேக்கா நிலையத்தின் மாடிக்குப் போனோம். அங்கே ரவிக்கை தைத்துக் கொடுக்கும் தையற்காரர் ஒருவர் அம்மாவுக்குப் பழக்கம். அவர் ஓட்டுவது தொழிற்சாலை மெஷின், தூக்குகிற பேச்சே கிடையாது. ஆனாலும் அவர் சொன்ன யோசனைதான் உதவியது: "அக்கா, கடைக்காரர் குடுக்குற துணியில தைச்சுப் பார்க்காதீங்க. உங்க துணியைக் கொண்டுபோங்க." கடைகளில் சோதனைக்குத் தருவது கஞ்சிபோட்ட ஒற்றைத் துணி, அதில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். அம்மா மூன்று அடுக்குத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு மெஷினிலும் மெதுவாக ஒரு கோடு, வேகமாக ஒரு கோடு. பிறகு பிடியைப் பற்றித் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே இரண்டு நிமிடம் நடந்தார். விற்பனையாளர் முதலில் சிரித்தார், பிறகு அவரே கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா பார்த்தவற்றை என் சொந்த மொழியில் சொல்கிறேன். 5 கிலோவுக்குக் கீழே போனால் மேசையில் நிற்குமா என்று சந்தேகப்பட வேண்டும், 7-க்கு மேலே போனால் அறுபது வயதுத் தோளுக்கு ஆகாது. துணியை அழுத்தும் பாதம் பஞ்சடுக்கு நுழையும் அளவுக்கு உயர வேண்டும். மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற துணைக்கருவி அதற்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும். அடியிலிருந்து துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவைக்க வழியிருந்தால் கையோட்டத்தில் பூவேலை போடலாம். போர்வைக்காரர்கள் விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைப்பார்கள், ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த அளவைக் காட்டும் பாதம் கிடைக்க வேண்டும். ஒரு சதுரத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், பத்துச் சதுரம் சேரும்போது போர்வை கோணிக்கொள்ளும். பாபினும் பாதமும் உள்ளூரில் வாங்க முடியுமா என்று கேட்டார். நூறு அலங்காரத் தையல் இருக்கிறது என்று விற்பனையாளர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஐந்தரை கிலோ எடையில் ஒன்று தேறியது. பிராண்டு எது என்று எழுதப்போவதில்லை, உங்கள் கைக்குப் பொருந்துவது வேறாக இருக்கலாம். சந்தைக்குக் கொண்டுபோகும் சக்கரப் பையின் அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் நிறுத்தி எடுத்துச் செல்கிறார். மின்தூக்கி, நடைபாதை, வகுப்பு.

அந்த வகுப்பில் மூன்றாம் வாரம் பயிற்றுநர் சில படங்களைக் காட்டினார். எங்கள் வட்டாரத்திலிருந்து வெகுதூரமில்லாத சாங்கியில் செய்யப்பட்ட போர்வைகள்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-ஆம் தேதி, பெரும்பாலும் ஐரோப்பியர்களான ஏறத்தாழ 400 பெண்களும் குழந்தைகளும் சாங்கி சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். 600 கைதிகளுக்காக 1936-இல் கட்டிய சிறை அது. ஆண்கள் வேறு பகுதியில், போர்வீரர்கள் வேறு முகாம்களில். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவி எங்கே என்று கணவருக்குத் தெரியாது. கடிதம் அனுப்ப அனுமதியில்லை. அப்போது பெண்கள் முகாமில் செஞ்சிலுவைப் பிரதிநிதியாக இருந்த கனடியர் எதெல் மல்வானி ஒரு யோசனை சொன்னார். காயமுற்ற வீரர்களுக்காகப் போர்வை செய்வோம், ஆளுக்கு ஆறங்குலச் சதுரத் துணி, அதில் தன்னைப் பற்றி ஏதாவது பூத்தையலிட்டுப் பெயரையும் தைக்க வேண்டும்.

ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று. ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று செய்தார்கள், அதனால்தான் மற்ற இரண்டும் சிறைக்கு வெளியே போக அனுமதி கிடைத்தது. பூக்கள், கப்பல், கொடி, சிறை அறை என்று பலவகைப் படங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த போர்வையில் பெயர்களைப் படித்தவர்களுக்கு யார் உயிரோடிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் இன்று கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, மற்றொன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

இவற்றுக்கு முன்னோடியாக இன்னொன்றையும் சொல்வார்கள். அதே சிறையில் தாதி எலிசபெத் என்னிஸ் சுமார் 20 சிறுமிகளைச் சேர்த்துச் சாரணியர் குழு நடத்தினார். அவருடைய பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது? கிடைத்த கிழிசல்களை அறுகோணமாக வெட்டி, பழந்துணியிலிருந்து நூலைப் பிரித்தெடுத்து, ரகசியமாகப் பூப்பூவாக இணைத்துப் போர்வை தைத்தார்கள். தங்கள் பெயர்களையும் அதில் தைத்தார்கள். அது இப்போது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அம்மா அந்தப் படத்தை வீட்டில் என்னிடம் திரும்பக் காட்டினார். "மெஷினும் இல்ல ஒண்ணும் இல்ல. ஊசிதான். நாம என்னடான்னா எடை பார்த்துக்கிட்டு இருக்கோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு வேறொன்று தோன்றியது. அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல்தான் காத்திருந்தார்கள். அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய ஒரு துணியை எந்த அருங்காட்சியகத்திலும் நான் பார்த்ததில்லை. சாங்கிப் பெண்கள் பட்டது குறைவு என்று சொல்ல வரவில்லை. ஆறங்குலத் துணியும், எழுதத் தெரிந்த கையும், யோசனை சொல்ல ஒருவரும் இருந்ததால் அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. வரலாற்றில் யார் பெயர் மிஞ்சுகிறது என்பதை மாணவர்களோடு பேச இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு எங்கள் பள்ளியில் பெயர்ப் போர்வை ஒன்று செய்தோம். ஆளுக்கு ஆறங்குலச் சதுரம், அதில் வீட்டில் மூத்தவர் ஒருவரின் பெயரைத் தமிழில் தைக்க வேண்டும், அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதித் தர வேண்டும். எழுத்துவேலை கையூசியால், இணைப்பது இயந்திரத்தால். அம்மா இரண்டு நாள் சக்கரப் பையோடு வந்து இணைத்துக் கொடுத்தார். முன்பு மனையியல் பாடத்தில் மாணவர்கள் தையல் கற்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது பாதிப்பேருக்கு ஊசியில் நூல் கோக்கவே பத்து நிமிடம் ஆனது. செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் நூல்கோக்கும் கம்பி ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துகளை முதலில் பென்சிலால் பெரிதாக வரையச் சொல்லுங்கள். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவான எழுத்தில் புள்ளியும் கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெயர் நீளமாக இருந்தால் இரண்டு வரியாகப் பிரிக்கலாம்.

பத்திகள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தன. தாத்தாவின் பெயரை எப்படி எழுதுவது என்று வீட்டில் கேட்கப்போன மாணவர் ஒருவர் தாத்தாவின் ஊர்ப்பெயரையும் தெரிந்துகொண்டு வந்தார். பாட்டியின் பெயர் வீட்டில் யாருக்குமே தமிழில் எழுத வரவில்லை என்று ஒரு மாணவி சொன்னார், நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒலியைக் கேட்டு எழுதினோம். ழகரம் தைத்தவர்கள்தான் அதிகம் திண்டாடினார்கள், அந்தச் சுழியில் நூல் சுருண்டுகொள்கிறது. சங்கிலித்தையல் வேண்டாம், பின்தையலாகச் சிறிது சிறிதாகப் போடு என்று அம்மா ஒரு மாணவனுக்குக் காட்டிக் கொடுத்தார். பழனியம்மாள் என்ற பெயரில் அவன் ழ போட்டிருந்தான். முதலில் அதைப் பிரிக்க வேண்டியிருந்தது.